கேள்வி பதினேழு

சோஹாரில் வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை.
தமிழ்ப் பூசை முடிந்ததும்
வேன் நிழலில் வைத்து
ததேயு சாமி அந்தக் கவரைத் தந்தார்.
மறைமாவட்டத் தீர்ப்பாயம் அனுப்பியது:
பதினொரு பக்கம், நாற்பத்திரண்டு கேள்வி.
"அவசரமில்லை ரெஜிஸ். ஜெபித்துவிட்டு எழுதுங்க."

வக்கீல் கடிதம் போன மாதமே வந்துவிட்டது.
அது மூன்றே பக்கம்.
சர்க்காருக்கு எங்களைப் பற்றி
அவ்வளவு தெரியவேண்டியதில்லை.

என் வேலை பிரிப்பது.
கடலை உறிஞ்சி, மணலில் வடித்து,
அறுபது பார் அழுத்தத்தில்
சவ்வின்மேல் மோதவிட்டால்
தண்ணீர் அந்தப் பக்கம் போகும்,
உப்பு இந்தப் பக்கம் நிற்கும்.
சேர்த்துவைத்தது யாரென்று பம்பு கேட்பதில்லை.
பதினாறு வருஷ இரவு ஷிப்டில்
முழுக்கப் பிரிந்ததாக ஒரு ரிப்போர்ட்டும் பார்த்ததில்லை.
போரான் என்று ஒன்று,
எத்தனை சவ்வு வைத்தாலும்
கொஞ்சம் கூடவே வந்துவிடும்.

"எங்கள் நாட்டில் விவாகரத்தே கிடையாது"
என்கிறான் ரோடெல், பிலிப்பீன்காரன்.
பெருமையா புகாரா, தெரியவில்லை.
ஊரில் ஒருத்தி, மஸ்கட்டில் ஒருத்தி,
இருவருக்கும் ஒன்றாம் தேதி பணம் போய்விடும்.
பூசைக்குத் தவறாமல் வருவான்.
நன்மை வாங்க மட்டும் எழுந்திருக்கமாட்டான்.
கடைசி பெஞ்சில், எல்லோரும் போய்த் திரும்பும்வரை,
முழங்காலில் நிற்பான்.

ஜெனோவா மூன்று வருஷமாகத் தூத்துக்குடியில்.
அந்த ஆள் நல்லவர் என்றுதான் சொல்கிறார்கள்.
அவளோடு வாழ்ந்த ஒன்பது வருஷத்தில்
நான் வீட்டிலிருந்தது, கூட்டிப் பார்த்தேன்,
முந்நூற்றுப் பதினெட்டு நாள்.
முதலில் விட்டுப் போனது யார்
என்றொரு கேள்வி இருக்குமென்று பயந்தேன்.
நாற்பத்திரண்டிலும் அது இல்லை.

பதினேழாவது இது:
திருமண நாளில் சொன்ன வார்த்தையின் பொருள்
சொல்லும்போது உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது என்று எழுதினால் போதும்.
பெர்னதத் அக்கா மகன் அப்படித்தான் எழுதினான்.
அவனுடைய அடுத்த கல்யாணத்தில் பிரியாணி நன்றாக இருந்தது.
சபை எதையும் அறுப்பதில்லை, சாமி சொன்னார்,
முடிச்சே விழவில்லை என்று தெரிந்தால்
அதைச் சொல்லும், அவ்வளவுதான்.
விழுந்திருந்தால்
ரோமாபுரியிலும் கத்தி கிடையாது.

பேனாவைத் திறந்தேன்.
கரண்ட் போய்விட்டது,
இங்கே அல்ல, அன்றைக்கு.
மே மாதம். கோயில் கொள்ளாத ஜனம்.
நான் சொல்லி முடித்ததும் மைக் செத்தது.
அவள் முறை.
பொறு என்று சாமியார் கை காட்டினார்.
அவள் பொறுக்கவில்லை.
மீன் ஏலம் கூறுகிற குரலில்,
இன்பம், துன்பம், நோவு, சாவு,
ஒன்றையும் விடாமல்
வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கச் சொன்னாள்.
காதோரம் வேர்வை வழிந்தது.
யாரோ கைதட்டினார்கள், கோயிலென்றும் பாராமல்.

வக்கீல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.
முத்திரைக்காகத் தூதரக வரிசையில் ஒருநாள் லீவு போனது.
வீடு அவளுக்கு. பிள்ளைக்கு மாதாமாதம் பணம்.
நிம்மதியாக இருக்கட்டும் என்றேன் போனில்.
அதில் பாதிதான் பொய்.

பதினேழுக்கு எதிரே
தெரியும் என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் கழித்து
இருவருக்கும் என்று சேர்த்தேன்.

சாமி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.
"இதனால் அங்கே அவளும்
பீடத்தண்டை வரமுடியாமல் போகலாம். தெரியுமில்லே?"
தெரியும்.
"இது விசுவாசமா ரெஜிஸ், வீம்பா?"
அது தாளில் இல்லாத கேள்வி, சாமி.
அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

காலை ஐந்து மணி.
பிரித்தெடுத்த தண்ணீரை அப்படியே ஊருக்கு விடக்கூடாது,
வெறும் சப்பென்று இருக்கும்,
சுண்ணாம்பு கலக்கவேண்டும்.
கலந்தேன். ஒரு கப்பில் பிடித்துக் குடித்துப் பார்த்தேன்.
நல்ல தண்ணீர்தான்.
போரானுக்கு ருசி கிடையாது.